காது கேளாதோர்க்குத் துணைநிற்கும் பணியும் அரசு நிதியும்

(வெள்ளிவிழாவையொட்டித் தென்காசியில் நடைபெற்ற கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

    

காலையிலிருந்து இம்மேடையில் பேசியோர் உதவித்தொகை, மாணவர் விடுதி, உயர்கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை விரிவாக எடுத்துரைத்தனர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு அவற்றினின்றும் சற்றே விலகி நிற்பதாகத் தோன்றும். காது கேளாதவர்களின் உரிமைகளுக்காக அவர்களுடன் துணைநின்று வாதாடும் பணிக்கு அரசு நிதி வழங்க வேண்டும் என்பதே அத்தலைப்பு. ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக் கழக விழாவில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கக்கூடும். இதனை நம்மைவிட நன்கு புரிந்துகொள்ளக்கூடியவர் வேறு எவரும் இலர் என்றே நாம் கருதுகிறோம். ஏன் என்பதைச் சொல்லிவிட்டுப் பொருளுக்குள் செல்வோம்.

நம் பாட்டனார் காலத்தை நினைத்துப் பாருங்கள். பட்டாவுக்காகவோ, சுடுகாட்டுப் பாதைக்காகவோ, கூலிப் பாக்கிக்காகவோ தாலுகா அலுவலகத்திற்குச் சென்றவர், வாசலில் அமர்ந்திருந்த மனு எழுதுபவரிடம் தம் குறையை வாயால் சொல்வார். சொன்னது ஒன்றும் எழுதப்பட்டது ஒன்றுமாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது. கைநாட்டு வைப்பார், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார், 'போ' என்றால் வந்துவிடுவார். பிறகு நம் தெருவிலும் நாலெழுத்துப் படித்த இளைஞர் தோன்றினார். அவர் வழக்கறிஞர் அல்லர், அதிகாரியும் அல்லர். ஆயினும் அவர் உடன் சென்றபோது நிலைமை மாறிற்று. மனுவைத் தாமே எழுதினார். எழுதியதை உரியவருக்குப் படித்துக் காட்டினார். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினார். பதில் வராதபோது நாளை எண்ணி வைத்திருந்து மறுபடியும் போனார். எந்த விதியின்கீழ் மறுக்கிறீர்கள் என்று கேட்டார். உரிமை என்னும் சொல் நம் ஊர்களில் ஏட்டிலிருந்து இறங்கி நடமாடத் தொடங்கியது அத்தகைய இளைஞர்களால்தான். இப்பணியையே ஆங்கிலத்தில் அட்வகசி என்கின்றனர். நீதிமன்றத்தில் வாதாடுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. நாம் இதனைத் துணைநிற்கும் பணி என்றே இங்கு அழைப்போம்.

இன்று நம் பாட்டனாரின் நிலையில் நிற்பவர் யார்? நம் குடியிருப்புகளிலேயே வாழும் காது கேளாத சகோதரரும் சகோதரியும்தான். அவர் அலுவலகத்திற்குச் சென்றால், மேசைக்கு அப்பால் இருப்பவர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. உடன் வந்த அண்ணனையோ மைத்துனரையோ பார்த்துப் பேசுகிறார். கேள்வியும் அவரிடம், பதிலும் அவரிடம். காரியத்துக்கு உரியவர் தம் காரியத்திலேயே வேடிக்கை பார்ப்பவராக நிற்கிறார். அண்ணன் நல்லவராயின் பாதி விவரமேனும் வந்து சேரும். தகராறே அண்ணனுடன் என்றால்? தந்தையின் மனையில் தங்கைக்குரிய பங்கை எழுதிவாங்க வந்தவரே தங்கைக்கு மொழிபெயர்ப்பவராகவும் இருந்தால்? இதற்கு விடை சொல்லும் பொறுப்பு எவருடையது என்பதே நம் உரையின் மையம்.

'எழுதிக் காட்டினால் போதாதா?' என்று கேட்பார்கள். போதாது. பிறவியிலேயே செவிப்புலன் இழந்த குழந்தைக்குத் தமிழ் என்பது காதின் வழியாக வந்த தாய்மொழி அன்று. அக்குழந்தைக்கு இயல்பாக அமையும் மொழி சைகைமொழி. அதற்கென இலக்கணம் உண்டு, சொல்வளம் உண்டு, கையசைவோடு முகக்குறிப்பும் சேர்ந்தே அதில் பொருள் நிறைவுறும். தமிழ் எழுத்து அவர்க்கு முயன்று கற்க வேண்டிய இரண்டாம் மொழி. பள்ளிக்கே அனுப்பப்படாத பிள்ளைக்கோ அந்த இரண்டாம் மொழியும் இல்லை. வீட்டார் அறிந்த சில சைகைகளே உலகம். தென்காசி வட்டாரத்துப் பெற்றோர்க்குப் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 1890களில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியைப் பற்றித் தெரிந்திருக்கும். இந்தியாவில் இத்தகைய பள்ளிகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்று நம் சீமையிலேயே இருந்தது என்பது பெருமைக்குரியது. ஆயினும் பள்ளி முடித்து வெளியே வந்தவர் போய் நிற்கும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் அவர் மொழி அறிந்தவர் இருந்தாலன்றி அப்படிப்பு வாசலோடு நின்றுவிடுகிறது.

சைகையை மதிப்பதும் மதியாமையும் கையைப் பொறுத்தவை அல்ல, கைக்குரியவரின் நிலையைப் பொறுத்தவை என்பதற்கு நம் சீமையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை அறியாதார் இல்லை. வாய் பேச இயலாமையால் அப்பெயர் பெற்றவர் அவர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பிக் கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி, 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் ஊமைத்துரையின் சைகைகளை வியந்து எழுதியிருக்கிறார். இடக்கை உள்ளங்கையில் வைக்கோல் துரும்புகளை வைத்து ஆங்கிலப் படை இதுவென்று காட்டி, மற்றொரு கையால் அவற்றைத் துடைத்தெறிந்தால், அதுவே தாக்குதலுக்கான ஆணை. படைவீரர் அனைவரும் அச்சைகையை அறிந்திருந்தனர். அறிந்துகொள்வதைத் தம் கடமையாகக் கொண்டிருந்தனர். பாளையக்காரரின் தம்பி கையசைத்தால் படை நகரும். கூலிக்காரரின் மகள் கையசைத்தால் காவல் நிலையத்தில் அது வாக்குமூலமாகக்கூட ஆகாது.

எண்ணிக்கையைச் சிறிது பார்ப்போம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அவர்களுள் செவித்திறன் குறையுடையோர் 2,20,241 பேர். பேச்சுத்திறன் குறையுடையோர் 80,077 பேர். அதே கணக்கெடுப்பு நாம் கருத வேண்டிய மற்றொன்றையும் தெரிவித்தது. இந்திய மக்களுள் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு; பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்துக்கொண்டால் 2.45 விழுக்காடு. இவ்வேறுபாட்டிற்கு நம் இரத்தத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. கர்ப்பிணிக்குச் சத்துணவு இன்மை, காலத்தில் தடுப்பூசி போடாமை, காதில் சீழ் வடியும் குழந்தையைக் கூலி நாளை இழந்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல இயலாமை ஆகியவை எங்கே மிகுதியோ, அங்கே குறைபாடும் மிகுதியாகும். ஆகவே இது வேறு யாருடைய பிரச்சினையோ அன்று.

இனிச் சட்டத்திற்கு வருவோம். இளைஞர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாம் அறிவோம். பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பதை அச்சட்டம் குற்றமாக்கிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 92ஆம் பிரிவைப் படித்தால் வன்கொடுமைச் சட்டத்தின் வாசகம் ஏறத்தாழ அப்படியே வந்திருப்பதைக் காணலாம்; தண்டனையும் ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை என்று அதே அளவாகவே இருக்கிறது. தெருவில் 'ஏ ஊமை', 'ஏ செவிடு' என்று கூப்பிடுவோர் இதை அறிந்திருக்க மாட்டார்கள். நம் சட்டம் அவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது என்பதில் நாம் மகிழலாம்.

ஆனால் இவ்விரு சட்டங்களுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. வன்கொடுமைச் சட்டத்தில் 2015இல் திருத்தம் செய்யப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் 15-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவருடைய உரிமை என்று அது கூறுகிறது. நாம் சொல்லும் துணைநிற்கும் பணியைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. பாதிக்கப்பட்டவரின் சிறப்புத் தேவைகளைக் கருத வேண்டும் என்றும் அது பணிக்கிறது: வயது, பாலினம், கல்வியின்மை, வறுமை ஆகியவற்றால் எழும் தேவைகள். உடற்குறை என்னும் சொல் அவ்வரிசையில் இல்லை. மறுபுறம், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92ஆம் பிரிவு சாதியைப் பற்றிப் பேசவில்லை. சாதியால் தாக்கப்பட்ட காது கேளாத பெண் எந்த வாசலில் போய் நிற்பாள்? ஒரு வாசலில் அவள் ஆதிதிராவிடர். மறு வாசலில் அவள் மாற்றுத்திறனாளி. இரண்டுமாக இருப்பவளுக்கு மூன்றாம் வாசல் இல்லை.

உச்சநீதிமன்றம் 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில் வழங்கிய தீர்ப்பு இதனைத் தொட்டுப் பேசியது. ஆந்திரத்தைச் சேர்ந்த, பார்வையற்ற, பட்டியல் சாதிப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அவ்வழக்கின் பொருள். சாதி, பெண்மை, உடற்குறை ஆகிய மூன்றும் சேரும்போது கொடுமையின் தன்மையே மாறிவிடுகிறது என்று நீதிபதிகள் விரிவாக எழுதினர். குற்றவாளிக்குக் கீழ்மன்றம் விதித்த ஆயுள் தண்டனை உறுதிசெய்யப்பட்டது. ஆயினும் சாதியின் காரணமாகவே அக்குற்றம் நிகழ்ந்தது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை எனக் கூறி, வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட தண்டனையை நீக்கினர். சான்றைத் திரட்டும் வேலை தொடக்கத்திலேயே, முதல் நாளிலேயே நடைபெற வேண்டியது. அந்த முதல் நாளில் உடன் நிற்பவர் எவர் என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் தீர்ப்பும் அமைகிறது.

காது கேளாதோர் பற்றிய மற்றொரு வழக்கு இதனினும் தெளிவாகப் பேசுகிறது. இராஜஸ்தானில் நிகழ்ந்த கொலை வழக்கு அது. உச்சநீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. கொலையுண்டவரின் மனைவியே நேரில் கண்ட சாட்சி. அவர் காது கேளாதவர், வாய் பேசாதவர். அவருடைய சைகைகளை மன்றத்தில் எடுத்துரைத்தவர் அவருடைய தந்தை. மொழிபெயர்ப்பாளருக்குச் செய்ய வேண்டிய உறுதிமொழி அவருக்குச் செய்விக்கப்படவில்லை. காது கேளாதவர் தகுதியுள்ள சாட்சியே என்பதை உச்சநீதிமன்றம் ஐயத்திற்கிடமின்றி உரைத்தது. மொழிபெயர்ப்பவர் வழக்கில் தொடர்பில்லாதவராக இருத்தல் வேண்டும். சைகையும் அதன் பொருளும் இரண்டுமே பதிவாக வேண்டும் என்றும் கூறியது. ஆனால் அந்த வழக்கில் எதிரிக்குக் கிடைத்த விடுதலை உறுதியாயிற்று. எதிரி குற்றம் செய்தாரா இல்லையா என்பது நமக்கு உரிய ஆராய்ச்சி அன்று. பயிற்சி பெற்ற, நடுநிலையான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அங்கே இல்லை என்பதே நமக்குரிய பாடம். மனைவி கண்ணால் கண்டதை உலகம் நம்பத்தக்க வகையில் எடுத்துச் சொல்ல அவர் தந்தையைத் தவிர வேறு வழி அமையவில்லை.

2013இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உதவியோடு பதிவு செய்து காணொளியாகவும் எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. நல்ல விதிதான். ஆனால் விதியை எழுதியவர்கள் அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து வருவார், எவர் கணக்கிலிருந்து ஊதியம் பெறுவார் என்பதை அதே உறுதியோடு எழுதவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர்க்கு இலவசச் சட்ட உதவி உண்டு, பெண்களுக்கு உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. நம் காது கேளாத சகோதரிக்கு மூன்று வகையிலும் தகுதி இருக்கிறது. வழக்கறிஞரும் கிடைத்துவிடுவார். அவர் கேட்பது அவளுக்குக் கேளாது. அவள் சொல்வது அவருக்குப் புரியாது.

நீதிமன்றத்தை மட்டுமே சொல்லி அச்சுறுத்துவதாக எண்ண வேண்டாம். அன்றாட வாழ்வே இதற்குப் போதும். இம்மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! கடையில் கொடுத்த இலையின் எடை குறைந்தது என்றும், கழிவு என்று தள்ளிய கட்டுகளில் பாதி நல்லவையே என்றும் காது கேட்கும் பெண் வாதாடுகிறாள். காது கேளாதவள் கணக்குப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். வருங்கால வைப்புநிதி வர வேண்டியதா, வந்ததா என்பதை அவள் யாரிடம் கேட்பது? பிரசவத்திற்குச் சென்ற பெண்ணிடம் அறுவை செய்யப் போகிறோம் என்பதை எவர் சொல்கிறார்? ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுபவர் கணவர். கத்தி படுவது அவள் உடம்பில்.

நம் குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். சாரல் காலத்தில் நாடெங்குமிருந்து மக்கள் வந்து குவிகின்றனர். மலையில் மழை பெய்தால் அருவி சிறிது நேரத்தில் முகம் மாறும் என்பது நமக்குத் தெரியும். 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவனைக் கொண்டுபோனதை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. அபாயம் வரும்போது ஊதல் ஊதுகிறார்கள், ஒலிபெருக்கியில் கத்துகிறார்கள். அருவியின் இரைச்சலில் நல்ல காதுக்கே அது எட்டுவது அரிது. காது கேளாதவர்க்கு என்ன ஏற்பாடு? பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களில் குளிப்போர் கண்ணில் படும்படி சுழலும் சிவப்பு விளக்கு அமைப்பது பெருஞ்செலவுக்குரியது அன்று. பாதுகாப்புப் பற்றி ஆலோசிக்கும் கூட்டத்தில் அதைக் கேட்க ஒருவர் வேண்டும். கேட்டது நடந்ததா என்று அடுத்த சாரலுக்கு முன் போய்ப் பார்க்கவும் அவரே வேண்டும். துணைநிற்கும் பணி என்பது தனிமனிதர் மனுவோடு முடிவதன்று என்பதற்காக இதைச் சொன்னோம்.

இப்பணிக்கு அரசு பணம் தரக்கூடுமா என்றால், காது கேளாமையின் பெயரால் அரசு பணம் தராமல் இல்லை. கருவிக்குத் தருகிறது. 1981இல் தொடங்கிய மைய அரசின் உதவி உபகரணத் திட்டம், 2014இல் திருத்தப்பட்டபோது, குழந்தையின் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவிக்கு ஆறு இலட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழும் தமிழ்நாட்டில் இவ்வறுவை நடைபெற்றுவருகிறது. ஏழைக் குழந்தைக்கு இது கிடைப்பது நன்றே. வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதம் 30,000 ரூபாய் ஊதியத்தில் சைகைமொழி அறிந்த துணைப்பணியாளர் ஒருவரை அமர்த்தினால், அந்த ஆறு இலட்சம் 20 மாதங்களுக்கு வரும். அந்த 20 மாதங்களில் அவர் எத்தனை குடும்பங்களுக்கு வாயாகவும் காதாகவும் இருக்கக்கூடும்! மேலும், கருவி பெற்ற குழந்தைக்கும் அவர் வேண்டியவரே. உறுதிக்காலம் முடிந்தபின் வெளிப்புறக் கருவி பழுதானால், பேச்சுப் பயிற்சி பாதியில் நின்றால், எவரிடம் முறையிடுவது என்று பெற்றோர்க்கு வழிசொல்ல ஆள் வேண்டுமே! கருவியைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். துணைநிற்பவரின் வேலையில் படத்திற்கு ஏற்றது ஒன்றும் இல்லை. நிதி இந்தப் பக்கம் வராமைக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ!

உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு அரசு 'உரிமைகள்' என்னும் பெயரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான பெருந்திட்டத்தைத் தொடங்கியுள்ளது. அதன் மதிப்பு 1,700 கோடி ரூபாய்க்கும் மேல். 'விழுதுகள்' என்னும் சேவை மையங்கள் அதன் வழியே அமைக்கப்படுகின்றன. மருத்துவப் பயிற்சியோடு, சைகைமொழியில் பேசி உரிமை கேட்டுத் தரும் பணியாளரையும் அம்மையங்களில் நிலையான பணியிடத்தில் அமர்த்த வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு; அதை மறைத்துப் பேசுவது முறையன்று. அரசிடம் சம்பளம் வாங்குபவர் அரசு அலுவலகத்தையே எதிர்த்து எப்படி வாதாடுவார்? நமக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1920இல் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை ஏற்படுத்தி, நம் மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றைத் தேடித்தரும் பொறுப்பை அவரிடம் அளித்தது. நன்மை விளைந்தது, மறுக்கவில்லை. ஆயினும் நமக்காகப் பேசும் அதிகாரி ஒருவர் இருப்பதோடு நம் தலைவர்கள் அமைதியடையவில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் அவரும் அண்ணல் அம்பேத்கரும் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றதும், நம் குரலை நாமே ஒலிப்போம் என்பதற்காகத்தான். காது கேளாதோரும் அதையே கேட்கின்றனர். ஆகவே இந்நிதி, இயன்றவரை, காது கேளாதோரே நடத்தும் சங்கங்களின் வழியாகச் செல்ல வேண்டும். அவர்களே பணியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேவை வழங்கும் துறையின் கட்டுப்பாட்டில் அது இருத்தல் கூடாது.

இது கற்பனை அன்று. அமெரிக்க நாட்டில் 1975இல் இயற்றப்பட்ட சட்டம், வளர்ச்சிக் குறைபாடு உடையோரின் உரிமையைக் காக்கும் அமைப்பு ஒவ்வொரு மாநிலத்திலும் இருத்தல் வேண்டும் என்றும், அது சேவை வழங்கும் துறைகளைச் சாராமல் தனித்து இயங்க வேண்டும் என்றும் விதித்தது. செலவை மைய அரசு ஏற்றது. பிறகு அப்பாதுகாப்பு மற்றக் குறைபாடு உடையோர்க்கும் விரிந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலோ, தேசியக் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது என்ற காரணத்தால், உரிமைக்காக வாதாடும் அமைப்புகளுக்கான மாநில நிதி 2018இன் நடுவில் நிறுத்தப்படும் நிலை ஏற்பட்டது. சேவைக்குப் பணம் வந்தபின் வாதாட என்ன இருக்கிறது என்பது அரசின் எண்ணம். அமைப்புகள் ஒன்றுகூடிப் போராடிய பிறகே அந்நிதி மேலும் இரண்டாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. செல்வம் மிக்க நாட்டிலும் முதலில் வெட்டுக்கு இலக்காவது இந்தத் தலைப்புத்தான் என்பதை மனத்தில் வையுங்கள்.

நம் மாநிலத்தில் இவ்வினா இப்போது அவசரமாகிவிட்டது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களின்படி உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் உறுப்பினராக நியமிக்கப்பட வழி பிறந்துள்ளது. 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இதில் அடங்கும். பாராட்டத்தக்க செயல். ஆயினும், நாற்காலி கொடுத்தும் பேச்சுக் கொடாமை என்பது என்ன என்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் நமக்கென ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி 1996 முதல் பத்தாண்டுகள் எப்படிக் கிடந்தது என்பது நாடறிந்தது. காது கேளாத ஒருவர் ஊராட்சி உறுப்பினராக அமர்ந்து, தீர்மானம் படிக்கப்படும்போது அனைவரும் கை தூக்குவதைப் பார்த்துத் தாமும் தூக்கினால், அது உறுப்பினர் பதவியா? கூட்டத்திற்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் வர வேண்டும். அவருக்கான செலவு ஊராட்சியின் வரவுசெலவில் எழுதப்பட வேண்டும். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்னும் காது கேளாத வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் உச்சநீதிமன்றத்தில் தோன்றினார். நாட்டின் தலைமை மன்றத்தில் இயன்றது ஊராட்சி மன்றத்தில் இயலாமற் போகாது.

பணத்திற்கு வழி என்ன என்பதற்கு வருகிறோம். 2024இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்திற்கெனத் தனிச்சட்டம் இயற்றியுள்ளது. நம் மக்கள்தொகைக்கேற்ப ஒதுக்கப்படும் நிதி நமக்கே செலவாக வேண்டும் என்பது அதன் நோக்கம். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 37ஆம் பிரிவோ, வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் நில ஒதுக்கீட்டிலும் ஐந்து விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்கிறது. இவ்விரண்டையும் இணைத்துப் படித்தால், நம் செயல்திட்ட நிதியில் ஒரு பகுதியை நம் காது கேளாதோரின் துணைப்பணிக்கு ஒதுக்குமாறு கேட்பதில் தவறேதும் இல்லை. 'இருப்பதையே பங்கு போடுகிறீர்களே' என்று நம்மவருள்ளேயே சிலர் முணுமுணுக்கலாம். காது கேளாதவர் நம்முடைய பங்காளி அல்லர், நம்முள் ஒருவர். அவர் பெயரால் வர வேண்டியது அவர்க்குப் போய்ச் சேராமல் இருப்பதே இழப்பு.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. 2015இல் புதுதில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. 2021க்குள் 10,000 சொற்கள் கொண்ட சைகைமொழி அகராதியை அது வெளியிட்டது. சைகைமொழிபெயர்ப்புக்கு ஈராண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. நாடு முழுவதும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் மிகச் சிலரே. ஆசிரியர் பயிற்சி, செவிலியர் பயிற்சி என்று எல்லோரும் செல்லும் வழியிலேயே செல்வதோடு, இவ்வழியையும் நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். நம் கழகத்தின் உதவித்தொகையில் ஆண்டுதோறும் ஒன்றை இப்படிப்பிற்கு ஒதுக்குவது பற்றிச் செயற்குழு ஆராயுமாறு வேண்டுகிறோம். வீட்டிலே காது கேளாத அண்ணனோ தங்கையோ இருக்கும் பிள்ளைக்கு இதில் பாதிக் கல்வி முன்பே கைவந்திருக்கும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அளிப்பதற்கென மனு ஒன்று எழுதப்பட்டுள்ளது. அக்கூட்டத்திலும் மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் பொது ஊதியத்தில் சைகைமொழி அறிந்த துணைப்பணியாளர் இருத்தல் வேண்டும் என்பதும், ஊராட்சி மன்றங்களில் அமரும் காது கேளாத உறுப்பினர்க்கு மொழிபெயர்ப்புச் செலவு ஒதுக்கப்பட வேண்டும் என்பதும், குற்றால அருவிகளில் ஒளி எச்சரிக்கை அமைக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உள்ளன. வாசலருகே உள்ள மேசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்தின் கையொப்ப இடங்கள் காது கேளாத நம் உறுப்பினர்களுக்காக விடப்பட்டுள்ளன. மனுவின் ஒவ்வொரு வரியும் அவர்களுக்குச் சைகையில் விளக்கப்பட்ட பிறகே அவர்கள் கையொப்பமிடுவர். திருத்தம் ஏதேனும் அவர்கள் சொன்னால் மனு மறுபடி எழுதப்படும். மற்றவர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து கையொப்பமிடலாம்.